வளப் போட்டி (இணைய வேடமேற்பு விளையாட்டுகள்)

ஒரே மெய்நிகர் உலகில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவும் விளையாட்டுகளில் மூலிகை, கனிமம், அரிய அரக்கன், அவனை வீழ்த்தினால் கிடைக்கும் ஆயுதம் ஆகியவற்றுக்காக ஆட்டக்காரர்களிடையே எழும் போட்டி.

1997இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' தன் காடுகளுக்கு இயற்கையைப் போன்ற உணவுச் சங்கிலியைத் திட்டமிட்டது. விலங்குகள் பெருகுவதற்குள் ஆட்டக்காரர்கள் வேட்டையாடித் தீர்த்ததால் அது கைவிடப்பட்டது. 'எவர்குவெஸ்ட்' (1999) விளையாட்டில் அரக்கன் மீண்டும் தோன்றும் இடத்திலேயே குழுக்கள் மணிக்கணக்கில் முகாமிட்டன. கிடைத்ததைப் பங்கிட, உழைப்புக்கேற்பப் புள்ளி தரும் முறையை ஆட்டக்காரர்களே வகுத்துக்கொண்டது பெரிதும் பாராட்டத்தக்கது.

'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் 'பிளாக் லோட்டஸ்' மூலிகை இப்போட்டிக்குச் சிறந்த சான்று. தொடக்கப் பதிப்பில் அது நான்கு நிலப்பகுதிகளில் மட்டுமே முளைக்கும். ஒருவர் பறித்துவிட்டால் அடுத்தது முளைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வீரியமிக்க மருந்துகளுக்கு அது இன்றியமையாதது என்பதால் அதன் விலையும் எகிறியது. ஆனால் 2019 ஆகஸ்டில் அந்தத் தொடக்கப் பதிப்பு 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் தொடங்கியபோது, ஒரே அரக்கனைக் கொல்ல வந்தவர்கள் பல இடங்களில் தாமாகவே வரிசையில் நின்றார்கள்.

'கில்டு வார்ஸ் 2' (2012) ஒரே மரத்தை, ஒரே தாதுப்பாறையை ஒவ்வொருவரும் தனித்தனியே பயன்படுத்த வழிசெய்தது. சச்சரவைத் தவிர்க்க இதுவே நேர்மையான ஏற்பாடு.