கிம்லெட்டும் 48 ஆண்டுத் தாமதமும்



ஜின்னும் இனிப்பூட்டிய எலுமிச்சைச் சாறும் கலந்தால் கிம்லெட். 1930-இல் வந்த சவாய் காக்டெயில் புத்தகம் இரண்டும் பாதிக்குப் பாதி என்கிறது. வீட்டிலேயே கலக்கிவிடலாம். ஆனால் அந்தச் சாற்றுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு.

பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் காய்கனி கிடைக்காது. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து மாலுமிகள் இறந்தார்கள். 1747-இல் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமாகச் சிகிச்சை தந்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே வேகமாகத் தேறினார்கள்.

ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை சாறு வழங்க முடிவெடுத்தது 1795-இல்தான்! 1867-இல் லாக்லின் ரோஸ், சாற்றைச் சர்க்கரையிட்டுக் கெடாமல் காக்கக் காப்புரிமை பெற்றார். கிம்லெட்டில் சேர்வது அதுதான்.

உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பிள்ளைகளே. அதிகாரத்தில் இருப்பவர் காதில் அது ஏற வேண்டும். அதுவரை போவது எளியவர் உயிர்தான்.