வாகன நிறுத்துமிடங்களில் சக்கரத் தடுப்பான்: நிறுவனங்கள் தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

அலுவலகங்கள், வணிக வளாகங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் வாகன நிறுத்துமிடங்களில், கார் சுவரிலோ தூணிலோ மோதாதபடி சக்கரத்தை உரிய இடத்தில் நிறுத்துவதற்காகத் தரையில் பொருத்தப்படும் தாழ்வான கட்டையே சக்கரத் தடுப்பான். சந்தையில் இது 'வீல் ஸ்டாப்பர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அளவோ இடமோ தவறினால், காரைக் காக்க வைத்த இதே கட்டை நடந்து செல்வோரின் காலை இடறிவிடும். எனவே, இதைத் தேர்வு செய்யும்போது காரோடு பாதசாரியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

மெதுவாக ஊர்ந்து வரும் காரை மட்டுமே சக்கரத் தடுப்பான் நிறுத்தும். ஓட்டுநர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டால், கார் அதன் மீது ஏறிக் கடந்துவிடும். ஆகவே நுழைவாயில், கண்ணாடி முகப்பு, மக்கள் காத்திருக்கும் பகுதி ஆகியவற்றின் முன்பு ஆழமாக ஊன்றப்பட்ட இரும்புத் தூண்களே தேவை. கார்களுக்கான தடுப்பான் பெரிய சக்கரங்கள் கொண்ட லாரிகளுக்குப் போதாது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில், லாரி நின்றபின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை வைப்பது அவசியம்.

உயரமும் நீளமும்

கார்களுக்குச் சுமார் 10 செ.மீ. உயரம் பொருத்தமானது. அதைவிட உயரமானால், ஆட்களும் சுமையும் ஏறித் தாழ்ந்திருக்கும் காரின் அடிப்பகுதி உரசக்கூடும். மிகவும் தாழ்ந்திருந்தால் சக்கரம் எளிதில் ஏறிவிடும்.

நீளத்தில் பாதசாரியின் வழி அடங்கியுள்ளது. நடைபாதைப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1637 தரநிலை, அடுத்தடுத்த தடுப்பான்களுக்கு இடையே குறைந்தது 91 செ.மீ. வழி விட வேண்டும் என்கிறது. இந்தியாவில் பரவலாக உள்ள 2.5 மீட்டர் அகலக் கார் இடத்தின் நடுவில் 1.8 மீட்டர் நீளத் தடுப்பானை வைத்தால், அடுத்த தடுப்பான் வரை 70 செ.மீ. மட்டுமே மிஞ்சும். நீளத்தை 1.5 மீட்டராகக் குறைத்தால் ஒரு மீட்டர் வழி கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில், சக்கர நாற்காலியில் இறங்குவதற்காக விடப்பட்ட பகுதிக்குள் தடுப்பான் நீளக்கூடாது.

சுவரிலிருந்து தூரம்

காரை முன்பக்கமாக நிறுத்தும் இடத்தில், சுவரிலிருந்து சுமார் 75 செ.மீ. தள்ளித் தடுப்பானைப் பொருத்துவது வழக்கம். பின்பக்கமாக நிறுத்தும் வளாகங்களில், செடான் கார்களின் பின்பகுதி நீண்டிருப்பதால் கூடுதல் இடம் வேண்டும். வளாகத்துக்கு வரும் கார்களில் நீளமான ஒன்றை நிறுத்திப் பார்த்து அளப்பதே நம்பகமான முறை. சுவரில் மின்வாகன சார்ஜரோ தீயணைப்புக் குழாயோ இருந்தால், அவை நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் சேர்க்க வேண்டும்.

எந்தப் பொருள்?

கான்கிரீட் தடுப்பான் உறுதியானது. ஆனால் கனமானது, விளிம்பு உடையக்கூடியது. ரப்பர் தடுப்பான் எடை குறைந்தது, அதிர்ச்சியைத் தாங்குவது, கழற்றி மாற்ற எளிதானது. பிளாஸ்டிக் வகைகளை வாங்கும்போது, அவை வெயிலைத் தாங்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும். இரும்புக் குழாய்கள் மழையில் துருப்பிடிக்கும். வளைந்தால் பாதங்களைக் காயப்படுத்தும்.

பொருத்தும்போது

கான்கிரீட் தரைக்கு ஆங்கர் போல்ட்டும், தார்த் தரைக்கு நீண்ட இரும்பு முளைகளும் பயன்படுகின்றன. கீழே தளமுள்ள இடங்களில் துளையிட்டால் நீர்க்கசிவுத் தடுப்புப் படலம் கிழியலாம். இழுவிசைக் கம்பிகள் உள்ள தளமானால் கட்டடத்துக்கே ஆபத்து. கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலின்றி அங்கே துளையிடக் கூடாது. மழைநீர் ஓடும் சரிவைத் தடுப்பான் மறிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தவிர்க்க வேண்டும்?

நடைபாதை, மின்தூக்கி வாசல், அவசர வெளியேறும் வழி, இருசக்கர வாகனங்கள் செல்லும் பாதை ஆகியவற்றில் தடுப்பான் இருக்கக்கூடாது. கார் இல்லாத வெற்றிடத்தில், மங்கலான வெளிச்சத்தில்தான் பலரும் இடறுகின்றனர். ஆகவே மஞ்சள், கறுப்புப் பட்டைகளும் போதிய விளக்கொளியும் இன்றியமையாதவை. தளர்ந்த போல்ட், உடைந்த விளிம்பு, மங்கிய வண்ணம் ஆகியவற்றை அவ்வப்போது பரிசோதித்துச் சரிசெய்ய வேண்டும்.

காயம் விளைவிக்கக்கூடிய ஆபத்துகள் இல்லாதபடி பணியிடத்தைப் பேணுவதை, 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு வேலையளிப்பவரின் கடமையாக்கியுள்ளது. எனவே கொள்முதலுக்கு முன், ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் காரிலிருந்து இறங்கி எந்த வழியே நடக்கிறார்கள் என்பதை நேரில் கவனிப்பது நல்லது. அந்த வழியில் தடுப்பான் குறுக்கிடுமானால், அதைத் தவிர்த்துச் சுவரோரம் தூண்களையோ தடுப்புக் கம்பியையோ அமைப்பதே பாதுகாப்பானது.