மழைக்கு முன்பே பதிவு: வெள்ள நிவாரணமும் உங்கள் குடும்பத்தின் இணையக் கணக்குகளும்

லிங்கி ஆறு சிரம்பானையும் ராசாவையும் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. மேலே கனமழை கொட்டினால் ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் வீட்டில் ஒரு குரல் கேட்கும்: "தம்பி, ஆயிரம் வெள்ளி குடுக்குறாங்களாமே, ஃபோன்ல கொஞ்சம் போட்டுக் குடு!"

அந்தத் தம்பியோ தங்கச்சியோ நீங்களாக இருந்தால், இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பேரிடர் உதவி பெரும்பாலும் ஏற்கெனவே பதிவில் இருக்கும் பெயர்களைத் தேடித்தான் வருகிறது. உரிமம், நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, அடையாளம் ஆகிய நான்கும் வெள்ளத்துக்கு முன்பே சரியாக இருந்தால் விண்ணப்பம் ஒரு நாள் வேலை. இல்லையென்றால் அலைச்சல்தான்.

2021 டிசம்பர் என்ன காட்டியது?

2021 டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கிய வெள்ளம் சிலாங்கூரையும் பகாங்கையும் உலுக்கியது. நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. 2021-ஆம் ஆண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் விவசாயத்தின் பங்கு 9 கோடியே 6 லட்சம் ரிங்கிட்.

மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் இரண்டு ஏக்கர் காய்கறி, பத்து ஆடு, ஒரு நீர் இறைக்கும் பம்பு என்று வாழும் குடும்பத்துக்கு அந்த இரண்டு ஏக்கர்தான் எல்லாமே.

ஆயிரம் ரிங்கிட் எதற்கு?

எல்லாரும் பேசும் அந்த ஆயிரம், 'வாங் இசான்' எனப்படும் உதவித்தொகை. 2015-இல் அமைக்கப்பட்ட நட்மா, அதாவது தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம், இதை வழங்குகிறது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட வீட்டின் குடும்பத் தலைவருக்கு இது போய்ச் சேரும். பெயர்ப் பட்டியல் மாவட்ட அளவில் தயாராகிறது. பேரிடர் நிர்வாகத்தை மத்திய, மாநில, மாவட்டக் குழுக்கள் என மூன்று அடுக்காகப் பிரித்தது, 1997-இல் வெளியான தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் உத்தரவு.

இதில் பலர் குழம்பும் இடம் இரண்டு.

முதலாவது, இந்தப் பணம் வீட்டுக்கானது. தோட்டத்தில் மிளகாய்ச் செடி அழுகியதற்கும் ஆடு அடித்துச் செல்லப்பட்டதற்கும் இதில் இழப்பீடு கிடையாது. அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, பிபிஎஸ் எனப்படும் தற்காலிக நிவாரண மையத்துக்குப் போனவர்களின் பெயர் அங்கேயே பதிவாகிவிடும். "நாங்க அத்தை வீட்டுல தங்கிக்கிட்டோம்" என்பவர்கள்தான் பட்டியலில் விடுபட்டுப்போகிறார்கள். அப்படித் தங்கினால், அன்றைக்கே உங்கள் பகுதி பெங்குலுவிடமோ மாவட்ட அலுவலகத்திலோ சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு எந்தக் கதவு?

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். விவசாயம் என்றால் எல்லாம் ஒரே அமைச்சு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பயிருக்குப் பயிர் அலுவலகம் மாறும்.

* காய்கறி, பழம், நெல்: வேளாண், உணவுப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள விவசாயத் துறை. உங்கள் மாவட்ட விவசாய அலுவலகத்தில் சேதத்தைத் தெரிவிக்க வேண்டும்.
* ஆடு, மாடு, கோழி: அதே அமைச்சின் கால்நடைச் சேவைத் துறை. பண்ணை அங்கே முன்பே பதிவாகியிருந்தால், எத்தனை உருப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.
* மீன் வளர்ப்பு: மீன்வளத் துறை.
* செம்பனை: தோட்டத்தொழில், மூலப்பொருள் அமைச்சின் கீழுள்ள எம்பிஓபி, அதாவது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம். செம்பனைக் குலையை விற்கவே அதன் உரிமம் தேவை. 40.46 ஹெக்டருக்குக் குறைவான நிலம் வைத்திருப்பவர் சிறு தோட்டக்காரராகக் கருதப்படுகிறார்.
* ரப்பர்: 1973-இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா. இது புறநகர், வட்டார மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருகிறது. ரப்பர் விற்பனைக்கான பெர்மிட்டைத் தருவது மலேசிய ரப்பர் வாரியம்.

மூன்று அமைச்சுகள், ஆறு அலுவலகங்கள். செம்பனைச் சேதத்துக்கு விவசாயத் துறையில் வரிசை பிடித்து நின்றால் நேரம்தான் வீணாகும்.

ரப்பர் மரம் வெட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் பால் எடுக்க முடியாது, வருமானம் நின்றுவிடும். அதற்காகத்தான் மழைக்கால உதவித்தொகை இருக்கிறது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் அது 600 ரிங்கிட்டில் இருந்து 800 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பதிவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பணம். சொந்த நிலம் இல்லாமல் மற்றவர் தோட்டத்தில் மரம் வெட்டுபவரும் 'பாட்-ஜி' எனப்படும் ரப்பர் பெர்மிட் எடுக்கலாம். "நமக்கு நெலம் இல்லையே, நமக்கு எதுக்கு?" என்று தாத்தா சொன்னால், இதைக் காட்டுங்கள்.

இணையக் கணக்குகளை எந்த வரிசையில் சரிசெய்வது?

1. கைப்பேசி எண். எல்லாவற்றுக்கும் சாவி இதுதான். பாட்டியின் கணக்கை உங்கள் எண்ணில் திறந்து வைத்து, நீங்கள் வேலைக்காக ஜொகூருக்குப் போய்விட்டால், சரிபார்ப்புக் குறியீடு ஜொகூரில் வந்து நிற்கும். பிரீபெய்ட் எண் காலாவதியானால் அது வேறொருவர் கைக்கும் போகலாம். ஆகவே அவரவர் பெயரில், அவரவர் எண்ணில் திறங்கள். அந்த எண்ணைக் காலாவதியாக விடாதீர்கள்.

2. மைடிஜிட்டல் ஐடி. இது ஒருவரின் அடையாளத்தை இணையத்தில் உறுதிசெய்யும் இலவசச் சேவை. செயலியைப் பதிவிறக்கி, மைகார்ட்டைப் படம் எடுத்து, முகத்தைச் சரிபார்த்தால் பதிவு முடிந்தது. மைஜேபிஜே போன்ற அரசுச் செயலிகளில் இதைக் கொண்டே நுழையலாம். எல்லாத் துறைகளும் இன்னும் இதற்குள் வந்துவிடவில்லை. அதனால் மற்ற கணக்குகளின் பயனர் பெயர்களையும் பத்திரமாக வைத்திருங்கள். மைகார்ட் தேய்ந்து, படம் மங்கியிருந்தால் முகச் சரிபார்ப்பில் சிக்கல் வரலாம். அப்படியானால் முதலில் தேசியப் பதிவுத் துறையில் அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

3. வங்கிக் கணக்கு. உதவித்தொகை விண்ணப்பதாரரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். பாட்டி பிஎஸ்என் புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைத்துப் பல வருடம் ஆகியிருக்கலாம். நீண்ட காலம் பயன்படுத்தாத கணக்கு செயலிழந்துவிடும். ஏழு வருடம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால், 1965-ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டப்படி அதிலுள்ள பணம் அரசுப் பதிவாளரிடம் போய்விடும். பிறகு அதைக் கேட்டு வாங்க தனி விண்ணப்பம் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பத்து வெள்ளியாவது போட்டு எடுங்கள்.

4. உரிமமும் வியாபாரப் பதிவும். எம்பிஓபி உரிமம், ரப்பர் பெர்மிட் ஆகியவற்றின் காலாவதித் தேதியைப் பாருங்கள். விளைச்சலை வியாபாரமாகச் செய்கிறீர்கள் என்றால் எஸ்எஸ்எம் பதிவும் கைகொடுக்கும். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் கேட்கும் முதல் தாள் அதுதான். இசிபிஸ் தளத்தில் பதியலாம். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது?

எந்தப் பாரத்தை எடுத்தாலும் மாநிலம், மாவட்டம், முக்கிம் என்று கேட்கும். ராசா என்பது சிரம்பான் மாவட்டத்தின் முக்கிம்களில் ஒன்று. ஆனால் அஞ்சல் முகவரியில் சிரம்பான் என்று இருப்பதால் பலர் முக்கிமையும் சிரம்பான் என்றே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் நிலப் பத்திரத்தோடு பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பிவிடலாம். பத்திரத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

பெரிய சிக்கல் வேறு. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தும் நிலம் நம் பெயரில் இல்லை என்பது நமக்குப் புதிய கதை அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் எத்தனையோ குடும்பங்கள் எல்பிஎஸ் எனப்படும் தற்காலிக உரிமத்தில்தான் அரசு நிலத்தில் காய்கறி போடுகின்றன.

அந்த உரிமத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதாவது, வெள்ளக் காலத்தின் நடுவில் உங்கள் உரிமம் காலாவதியாகிறது! ஜனவரியில் தண்ணீர் புகுந்து, புதுப்பித்தல் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தால், தாளின்படி அந்த நிலத்தில் உங்களுக்கு வேலையே இல்லை.

அடுத்தது, அந்த உரிமத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். "அப்பா பேருலதான் இருக்கு, நாங்க பாத்துக்கிறோம்" என்பது அப்பா இல்லாத நாளில் செல்லாது. புதிதாக உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தப் பத்திரம் உள்ள நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள்.

வெள்ளம் வந்துவிட்டால்?

முதலில் உயிர். ஆற்றின் நீர்மட்டத்தைப் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' தளத்தில் பார்க்கலாம். முக்கியத் தாள்களின் படங்களை உங்கள் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் முன்பே சேமித்துவிடுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அழுகிய செடி, இறந்த கால்நடை, சேற்றில் மூழ்கிய பம்பு எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து ஒன்று. தேதி தெரியட்டும். பம்பு வாங்கிய ரசீது, உரம் வாங்கிய பில், போன மாத விற்பனைச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். போலீஸ் புகார் ஒன்றும் செய்துவிடுங்கள். பிறகு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குச் சொல்லி, அதிகாரி வந்து பார்க்க நாள் கேளுங்கள். இறந்த கால்நடையை அகற்றுவது பற்றியும் கால்நடைத் துறையிடம் உடனே கேளுங்கள். நோய் பரவ விடக்கூடாது.

எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும்? இந்தியாவில் 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வெள்ளம் போன்ற உள்ளூர்ச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாளை நீங்களும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செடி காய்ந்த பிறகு வரும் அதிகாரிக்குச் சேதம் தெரியாது.

மானியமா, கடனா?

"அரசாங்கம் குடுக்குது" என்று வரும் எல்லாமே இலவசம் அல்ல. மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம். பேங்க் நெகாராவின் பேரிடர் நிவாரண நிதி வசதி, வங்கிகள் மூலம் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குத் தரப்படும் கடன். வட்டி குறைவாக இருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே அக்ரோபேங்க், தெக்குன் போன்றவற்றில் கடன் இருந்தால், புதிதாக வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறோம், தவணையைத் தள்ளிப்போட முடியுமா?" பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் 'பிஞ்சாமான்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கடன்.

உதவி செய்யும் பிள்ளைகளுக்கு

பாரம் மலாயில் இருக்கும், செயலி ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வி தமிழில் வரும். நடுவில் நிற்பது நீங்கள். அதனால் பொறுப்பும் உங்களுக்குத்தான்.

பெரியவர்களின் கடவுச்சொல்லை வாட்சாப் குழுவில் போடாதீர்கள். ஒரு சிறு நோட்டில் எழுதி அவர்களிடமே கொடுங்கள். என்ன விண்ணப்பித்தோம், குறிப்பு எண் என்ன என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் எதையும் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிவிட்டு, பதிலை அவர்கள் வாயாலேயே கேட்டுப் போடுங்கள். "எத்தனை ஏக்கர்னு நீங்களே சொல்லுங்க தாத்தா."

வெள்ளம் வடியும் முன்பே மோசடிக்காரர்கள் வந்துவிடுவார்கள். "உங்களுக்கு நிவாரணம் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். உதவித்தொகை கொடுக்க யாருக்கும் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லோ ஒருமுறைக் குறியீடோ தேவையில்லை. முன்பணம் கேட்கும் 'ஏஜெண்டு'க்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். மைகார்ட், நிலப் பத்திரம் அல்லது எல்பிஎஸ், எம்பிஓபி உரிமம் அல்லது ரப்பர் பெர்மிட், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். எது காலாவதி, எது யார் பெயரில் என்று ஒரு பட்டியல் போடுங்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியலோடு முதல் அலுவலகத்துக்குப் போங்கள்.