மருந்தை முறிக்கும் மருந்து

கம்பம் பள்ளத்தாக்கில் 'மருந்து' என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து. திராட்சைக் கொடிக்கும் ஏலச்செடிக்கும் அடிப்பதும் மருந்து. 'மருந்தக் குடிச்சிட்டான்' என்று யாராவது பதறி ஓடிவந்தால் அது சாவுச் சேதி. கிரேக்கச் சொல்லொன்று நஞ்சையும் மருந்தையும் ஒருசேரக் குறிப்பதை வைத்து 1968இல் தெரிதா பிளேட்டோவைக் கட்டுடைத்தார். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம், வயக்காட்டிலேயே கெடக்கு. இந்தச் சொல்மயக்கத்தை மக்களின் அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மயக்கம் தெளியவைக்கும் மருந்துகளின் வரலாறும் இதையேதான் சொல்கிறது.

இன்றைய நைஜீரியாவின் காலபார் பகுதியில் எஃபிக் மக்கள் ஒருவகை அவரைக்கொட்டையை நீதி விசாரணைக்குப் பயன்படுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதைத் தின்ன வேண்டும்; வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. மிஷனரிகள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். கொட்டையை மட்டும் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே 1855இல் ராபர்ட் கிறிஸ்டிசன் தானே அதைத் தின்று பார்த்தார். 1864இல் ஜோப்ஸ்ட்டும் ஹெஸ்ஸும் அதிலிருந்து ஃபைசோஸ்டிக்மினைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு பிராகில் கிளைன்வெக்டர் என்ற மருத்துவர், அட்ரோபின் குடித்துப் பிதற்றிய கைதிக்குக் காலபார் அவரைச் சாற்றைக் கொடுத்துத் தெளியவைத்தார்.

அட்ரோபின் நமக்கு அந்நியமில்லை. ரோட்டோரத்து ஊமத்தையில் இருப்பது அதுவும் அதன் உறவுகளும்தான். ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடித்ததை 1856இல் நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்கான சட்ட மருத்துவ நூலில் எழுதிவைத்தார். காலனியப் பார்வையில் ஊமத்தை குற்றத்தின் செடி, காலபார் அவரை மூடநம்பிக்கையின் கொட்டை. அட்ரோபின் காலபார் நஞ்சை முறிக்கும் என்று 1870களின் தொடக்கத்தில் தாமஸ் ஃப்ரேசர் சோதித்துக் காட்டியபின் இரண்டும் அறிவியலாகிவிட்டன. பாடநூலில் ஃப்ரேசருக்குப் பெயர் இருக்கிறது. எஃபிக் மக்களுக்குச் சடங்கு மட்டும்தான்.

அறுவை அரங்குக்கு வருவோம். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய குராரே, 1942இல் மாண்ட்ரியலில் தசைகளைத் தளர்த்துவதற்காக மயக்க மருந்தோடு சேர்ந்தது. அதன் பிடியை ஃபைசோஸ்டிக்மின் தளர்த்தும் என்பதை 1900இலேயே வியன்னாவில் யாகோப் பால் கண்டிருந்தார். அதே வழியில் வந்த நியோஸ்டிக்மின், ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி தானாக மூச்சுவிட வேண்டி இன்றும் ஊசியில் ஏறுகிறது. இதயத்துடிப்பு இறங்கிவிடாதிருக்க அட்ரோபினோ அதன் இனத்தது ஒன்றோ கூடவே போகிறது. ஓபியம் வகை மயக்கத்தை முறிக்கும் நாலாக்சோனும், டயசெபாம் வகைத் தூக்கத்தைக் கலைக்கும் ஃப்ளூமாசெனிலும் பின்னால் ஆய்வகத்தில் பிறந்தவை.

நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அனுப்பும் அசிட்டைல்கோலினை உடைப்பதற்கு உடம்பில் ஒரு நொதி உண்டு. நியோஸ்டிக்மின் அதைச் சற்று நேரம் தடுத்துவைக்கிறது. தோட்டத்தில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து தடுப்பதும் அதே நொதியைத்தான். ஆனால் பிடித்த பிடியை லேசில் விடாது. வாயில் நுரை தள்ளும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும், நினைவு தப்பும். அங்கே கைகொடுப்பது அட்ரோபின். அதுவும் அளவு மிஞ்சினால் ஊமத்தை தின்றவன் மாதிரி பிதற்றல்தான்.

ஆக, நஞ்சா மருந்தா என்பதைப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அளவும் கொடுக்கிற கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அறுவை அரங்கில் அந்தக் கை மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறது. மலையேறிப்போய் ஏலத்தோட்டத்தில் கூலிக்கு மருந்தடிப்பவரின் பக்கத்தில் யார் நிற்பது? அவர் சுவாசிக்கும் அளவை முடிவுசெய்தது யார்? எஃபிக் விசாரணையில் தீர்ப்புச் சொல்கிறவர்களாவது கண்ணெதிரே இருந்தார்கள். இங்கே தயாரித்தவரும் விற்றவரும் அடிக்கச் சொன்னவரும் முகம் காட்டுவதில்லை. பிழைத்தால் அவன் நல்ல நேரம், செத்தால் அவன் கவனக்குறைவு. இதுவும் கொட்டையைத் தின்னக் கொடுக்கிற விசாரணைதான் என்கிறேன். முறிமருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அது தேவைப்படும் நிலைக்கு யாரை யார் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.