புரதம் அளந்த தாய்மார்: பரம்பரை அனுசேபக் கோளாறுகளில் உணவுக் கல்வியும் பெண்துணையும், காரைநகரை முன்வைத்து

யாழ்ப்பாணத்தின் காரைநகரிலும் அயல் தீவுகளிலும் ஒரு பெண் எந்தப் பருவத்தில் எதை உண்ணவேண்டும் என்பதைப் பெண்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். பெரியபிள்ளையானவளுக்கு உழுத்தங்களி, முட்டை, நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி, பால் சுரக்கச் சுறா வறை. அம்மம்மாவும் மாமியும் சொன்னால் மறுபேச்சில்லை. 1973இல் அரசு தொடங்கிய திரிபோஷாவும் இதே வழியில் வந்ததுதான்: சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த, புரதம் செறிந்த மா. குறைபோசணை மலிந்த நாட்டில் இவை எல்லாம் நல்லறிவே. ஆனால் புரதத்தின் ஒரு கூறைச் சிதைக்க இயலாத உடலோடு பிறந்த பெண்ணுக்கு, அவளது வாழ்வின் இப்பெரிய பருவங்களிலெல்லாம் அன்போடு ஊட்டப்படும் உணவே தீங்காகிறது. அவளுக்கான உணவுக் கல்வி வைத்தியரோடு நின்றுவிட முடியாது, அடுக்களையின் பெண்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். உலக அனுபவமும் அதையே காட்டுகிறது.

இத்தகைய பரம்பரை அனுசேபக் கோளாறுகளுள் நன்கு ஆராயப்பட்டது பீனைல்கீட்டோனூரியா. தென்னாசியாவில் அரிதானாலும் மற்றவற்றுக்கு வழிகாட்டியது அதுவே. அதன் வரலாற்றைத் தொடக்கிவைத்தவர் ஒரு தாய். நோர்வேயின் போர்க்னி ஈகலான்ட் தன் இரு பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றியது ஏன் என்று வைத்தியர் வைத்தியராக அலைந்தார். 1934இல் ஒஸ்லோவின் அஸ்பியோர்ன் ஃபோலிங் அப்பிள்ளைகளின் சிறுநீரில் பீனைல்பைருவிக் அமிலத்தைக் கண்டறிந்தார். நோயின் காரணம் தெரிந்தது, சிகிச்சை தெரியவில்லை. 1951இல் பர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலையில் இன்னொரு தாய், தன் மகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று நாள்தோறும் வந்து நின்றார். ஹோர்ஸ்ட் பிக்கெலும் அவரது குழுவினரும் இந்நோயில் உடல் சிதைக்க இயலாத புரதக் கூறான பீனைல்அலனினை நீக்கிய பால்புரதக் கலவையைத் தயாரித்தார்கள். பிள்ளை தவழவும் நிற்கவும் தொடங்கினாள். இது உணவின் பயனா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமல் பீனைல்அலனினைத் திரும்பச் சேர்த்தபோது பிள்ளையின் நிலை விரைவில் மோசமடைந்தது. இன்றைய அறநெறி அச்சோதனையை ஏற்காது. ஆனால் உணவு மருந்தாகும் என்பதற்கு அதுவே சான்றானது.

1963இல் ரொபர்ட் கத்ரி வெளியிட்ட குருதிப்பொட்டுச் சோதனை, குதிகாலில் ஒரு குத்துடன் நோயைக் கண்டறிய வழி திறந்தது. பிரித்தானியாவில் 1969இல் அது நாடளாவியதாயிற்று. பிள்ளைகள் மூளை கெடாமல் வளர்ந்தார்கள். மூளை வளர்ந்துவிட்டது என்று கருதி ஐந்தாறு வயதிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பெண் பிள்ளைகளின் பிற்காலத்தை யாரும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்பதே என் கணிப்பு. அவர்கள் வளர்ந்து தாய்மாரானார்கள். தாயின் குருதியிலுள்ள பீனைல்அலனின் தொப்புள்கொடி வழியே சென்று, நோயைப் பரம்பரையாகப் பெறாத கருவையும் தாக்கியது. லெங்கே, லெவி ஆகியோர் 524 கருத்தரிப்புகளைத் தொகுத்து 1980இல் வெளியிட்ட ஆய்வு அதிர்ச்சி தந்தது: குருதியில் டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் 92 வீதமானோருக்கு அறிவு வளர்ச்சி குன்றியது, 73 வீதமானோருக்குத் தலை சிறுத்தது, 12 வீதமானோருக்கு இதயக் குறை. ஒரு தலைமுறையைக் காத்த உணவுமுறை, இடையில் கைவிடப்பட்டதால் அடுத்த தலைமுறையைக் காக்கத் தவறியது.

ரிச்சர்ட் கோக் தலைமையில் 1984இல் தொடங்கிய கூட்டாய்வு, கருத்தரிக்கும் முன்பே, தவறினால் முதல் எட்டுப் பத்து வாரங்களுக்குள், அளவைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று நிறுவியது. விதி தெளிவானது. கைவிட்ட உணவுக்கு ஓர் இளம்பெண்ணை எப்படித் திரும்ப அழைப்பது? நியூ இங்கிலாந்தில் இதற்குக் கிடைத்த விடை எளியது. இந்நோயுள்ள பிள்ளைகளை வளர்த்து அனுபவப்பட்ட தாய்மாருக்குப் பயிற்சியளித்து, கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கூட இருந்து சமைத்தார்கள், அளந்து காட்டினார்கள், மனம் தளர்ந்தபோது பேசினார்கள். 1999இல் வெளியான மதிப்பீட்டின்படி, இத்துணை பெற்றவர்கள் சராசரியாக 8.5 வாரத்தில் கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள், பெறாதவர்களுக்கு 16.1 வாரம் ஆயிற்று. கரு உருவாகும் காலத்தில் அந்த ஏழரை வாரம் மிகப் பெரிது. 1995 முதல் அட்லாண்டாவின் எமொரி பல்கலைக்கழகத்தில் ராணி சிங் நடத்திவரும் முகாம், இந்நோயுள்ள பெண் பிள்ளைகளையும் பெண்களையும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கவைத்தது. அந்த ஒரு வாரத்திலேயே அவர்களின் குருதியில் பீனைல்அலனின் அளவு இறங்கியது.

இலங்கையில் பச்சிளம் குழந்தைகளின் குதிகால் குருதிச் சோதனை 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கிப் பரவியது. அதன் இலக்கு பிறவித் தைரொயிட் குறைபாடு. மச்சான் மச்சாள் திருமணமும் ஊருக்குள் கொண்டு கொடுக்கும் வழக்கமும் இருந்த சமூகத்துக்கு இதைவிட விரிந்த சோதனை வேண்டும். தாய் தந்தை இருவரும் ஒரே குறைமரபணுவைத் தாங்கினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த காரைநகர்ப் பிள்ளைகளுக்கு அச்சோதனை இயல்பாகவே கிடைக்கிறது. ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

உணவுக் கல்வியும் ஊர்க் கணக்கில் அமையவேண்டும். ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பீனைல்அலனின் உண்டு. பீனைல்கீட்டோனூரியாவின் கடுமையான வகை உள்ள பலருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமே உச்சம். ஒரு முட்டை 300 மில்லிகிராமை எடுத்துவிடும், 50 கிராம் உழுத்தம்மாவோ அந்த உச்சத்தையே தாண்டிவிடும். மரவள்ளிக்கிழங்கிலும் சவ்வரிசியிலும் புரதம் மிகக் குறைவு, இரண்டும் தீவகத்துக்குப் பழகியவை. சோற்றை அளந்து போடவேண்டும். எஞ்சிய புரதத் தேவைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அமினோ அமில மா வேண்டும். புலம்பெயர் காரை நலன்புரிச் சங்கங்கள் எடுத்துச் செய்யத்தக்க பணி அது. புரதக் கழிவான அமோனியாவை உடல் சரிவர அகற்ற இயலாத யூரியா வட்டக் கோளாறுள்ள பெண்ணுக்கோ ஆபத்து பிரசவத்துக்குப் பிந்திய முதல் இரு வாரங்களில் கூடுகிறது. மீன் நிறைந்த பத்தியச் சாப்பாடு தொடங்குவதும் அப்போதுதான். மாமிக்கு இது முன்பே விளங்கியிருக்கவேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தர் புதுமணத் தம்பதியரின் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யும் முறை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கருத்தரிக்கும் முன் கிடைக்கும் அந்தச் சந்திப்பிலேயே, வீட்டில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தையோ, வளர்ச்சி குன்றிய பிள்ளையோ, சிறு வயதில் புரதம் விலக்கச் சொல்லப்பட்ட பெண்ணோ உண்டா என்று கேட்கலாம். கிளினிக்குக்கு முதல் முறை வரும்வரை காத்திருந்தால் அந்த எட்டு வாரங்களில் பாதிக்கு மேல் போய்விடும்.