நரக்யா மரமும் நகரும் புற்றணுக்களும்

பம்பாயின் புறநகர்ப் பகுதியான கோரேகாவில், 1963ஆம் ஆண்டு சிபா மருந்து நிறுவனம் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கி, சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியலறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியை அதன் இயக்குநராக அமர்த்தியது. ஆல்கலாய்டுகள், அதாவது தாவரங்களில் விளையும் நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் காரத்தன்மையுள்ள சேர்மங்கள், அவருடைய ஆய்வுத்துறை. 1972இல் அவரும் என். விசுவநாதனும், மராத்தியில் நரக்யா எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சிறுமரத்தில் காம்ப்டோதெசின் என்னும் ஆல்கலாய்டு இருப்பதை அறிவித்தனர்.

இச்சேர்மத்தை 1966இல் அமெரிக்காவில் ஒரு சீன மரத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வாலும், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மன்சுக் வாணியும் ஆவர். புற்றுநோய் மருந்தாக நடந்த தொடக்ககாலச் சோதனைகளில் அது நோயாளிகளின் சிறுநீர்ப்பையைக் கடுமையாகத் தாக்கியதால் கைவிடப்பட்டது. டி.என்.ஏ. இழைகளின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸ் என்னும் நொதியை அது முடக்குகிறது என்பது 1985இல் தெரியவந்த பின்னரே ஆர்வம் மீண்டது. அதன் வழித்தோன்றல்களான டோபோடெகானும் இரினோடெகானும் 1996இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்துகளாக ஒப்புதல் பெற்றன.

இத்தகைய மருந்துகள் பெருகும் புற்றணுக்களை அழிக்கின்றன; ஆனால், மூளைப்புற்றில் சிக்கல் வேறு வகையானது. நரம்பணுக்களைத் தாங்கும் கிளையா அணுக்களின் புற்றாகிய கிளையோமாவில், நோயுற்ற அணுக்கள் நரம்பிழைகளையும் குருதிக்குழாய்ச் சுவர்களையும் பற்றிக்கொண்டு கட்டிக்கு வெளியே நெடுந்தொலைவு நகர்ந்துவிடுகின்றன. பால்டிமோரில் வால்டர் டாண்டி 1928இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருமூளையின் வலப் பாதியையே அகற்றியும் கட்டி திரும்பி வந்தது. ஆகவே, பெருகும் அணுவை அழிப்பதுடன் நகரும் அணுவைத் தடுப்பதும் மருத்துவத்தின் கடமையாயிற்று.

2002இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினர், கிளையோமா அணுக்களில் எச்.ஐ.எஃப்.-1 என்னும் புரதத்தின் செயலை டோபோடெகான் ஒடுக்குவதைக் கண்டனர். ஆக்சிஜன் குறையும்போது புதிய குருதிக்குழாய்களை வரவழைக்கவும் புற்றணுக்கள் ஊடுருவவும் துணைநிற்பது இப்புரதமே. ஆனால், ஆய்வகத் தட்டில் கிடைத்த இம்முடிவு நோயாளிக்கான மருந்தாகிவிடாது. குருதியிலிருந்து மூளைக்குள் பல பொருள்களை நுழையவிடாத தடுப்பையும் மருந்து கடந்தாக வேண்டும்.

சேர்மத்தைக் கண்டறிந்தது முதல் மருந்தாகும்வரை முப்பது ஆண்டுகள் சென்றன. அதற்கிடையிலும் பின்னரும் ஏற்றுமதிக்காக நரக்யா மரங்கள் காடுகளில் பெருமளவில் வெட்டப்பட்டன. ஒரு தாவரத்தின் முழுப் பயனை அறிய ஒரு தலைமுறைக்காலம் ஆகுமெனில், அதுவரை அதைக் காட்டில் வாழவிடுவதும் மருத்துவ ஆராய்ச்சியின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்பட வேண்டும்.