கோசுமல்லியில எது பழசு?

இன்னைக்கு சாப்பாட்டுக் கதை. குன்னூர்ல எங்க பாட்டி 'நம்ம பாரம்பரியம்'னு சொல்லி செய்யற கேரட் கோசுமல்லி. ஊறவச்ச பாசிப்பருப்பு, துருவின கேரட், தேங்காய், எலுமிச்சை. மேல சூடான எண்ணெயில கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டணும்.

ஆனா கேரட் இங்க புதுசு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல நீலகிரிக்கு வந்தார். அவர் காலத்துலதான் இங்கிலீஷ் காய்கறிகள் மலையேறின. மிளகாய்? போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பாட்டி ஒத்துக்கவே மாட்டாங்க!

உண்மையிலேயே பழசு தாளிப்புதான். குறுந்தொகை 167-ஆம் பாட்டுல அதுக்கு 'குய்'னு பேர். புதுசா குடித்தனம் வந்த பொண்ணு தயிர்க்குழம்பு வைக்கிறா, தாளிப்புப் புகை கண்ணுல ஏறுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு நெருக்கமான புகை!

1899-ல மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் வந்ததும் மலைக்காய் கீழே இறங்க சுலபமாச்சு. அதோட இன்னொண்ணும் நடந்தது. சாமையும் கேழ்வரகும் விளைஞ்ச படுகர் நிலங்கள்ல கேரட், உருளைக்கிழங்கு, பிறகு தேயிலைன்னு மாறிடுச்சு. கேத்தி பள்ளத்தாக்குல இப்ப பாத்தி பாத்தியா கேரட். சாமையை நாங்க கடையில பாக்கெட்டுல வாங்கறோம்.